ஹோமியோபதி படிக்கச் சேர்வதற்கு முன்

ஹோமியோபதி படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விசாரிப்பது, எத்தனை மருந்துகள் சொல்லித் தருவார்கள், எத்தனை வருடம், சான்றிதழ் செல்லுமா என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது வேறு. எந்த நோயாளிக்கு மருந்தே கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை அங்கே எவ்வளவு நேரம் ஒதுக்கிச் சொல்லித் தருகிறார்கள்?

இந்தப் படிப்பில் எனக்கு நிஜமாகவே மரியாதை உள்ள பகுதி கேஸ் எடுப்பது, அதாவது நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்வது. ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் தன் ஆர்கனான் நூலில் இதற்கு விதிகளே எழுதி வைத்திருக்கிறார். நோயாளி பேசும்போது குறுக்கிடக் கூடாது, ஒவ்வொரு நோய்க்குறியையும் தனி வரியில் எழுத வேண்டும், ஆமாம் இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைக் கேட்கக் கூடாது. எந்த மருத்துவரும் கற்றுக்கொள்ள வேண்டியவை. மூட்டு வலி என்று ஒருவர் வந்தால் வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று துருவுவார்கள். எழுந்து முதல் நாலடி வைக்கும்போது வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் ரஸ்டாக்ஸ் என்ற மருந்தின் பக்கம் போவார்கள். அசைந்தாலே உயிர் போகிறது என்றால் பிரையோனியா.

சரி, மூட்டு வலிக்கு இப்படி உட்கார்ந்து கேட்கலாம். நெஞ்சை அழுத்துகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, இடது கை கடுக்கிறது என்று ஒருவர் வந்து உட்காரும்போதும், வலது பக்கம் படுத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றினால்? பொறுமையாகக் கேட்கும் அதே பழக்கம் அங்கே ஆளைக் கொன்றுவிடும். இந்தியாவில் பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டப் படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து 5½ ஆண்டு. உடற்கூறு, நோயியல் எல்லாம் உண்டு. பிரிட்டனிலோ ஹோமியோபதி பார்ப்பவர்களுக்குச் சட்டக் கட்டுப்பாடே இல்லை, எதுவும் படிக்காதவரும் தொழில் செய்யலாம். அதனால் சில மாத ஆன்லைன் வகுப்புகளைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

அப்புறம், வீரியக் கணக்கு, அதாவது மருந்தை எத்தனை முறை நீர்க்கிறார்கள் என்பது. நூற்றில் ஒரு பங்காக 12 முறை நீர்த்தாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது சந்தேகம். 30சி வீரியம் என்றால் அப்படி 30 முறை. ஹானிமன் இறந்தது 1843இல். மூலக்கூறின் அளவை லோஷ்மிட் என்ற விஞ்ஞானி கணக்கிட்டது 1865இல்தான், ஆகவே ஹானிமனைக் குறை சொல்ல மாட்டேன். இன்று பாடம் நடத்துகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் சொன்னதை மாணவர்களுக்குக் காட்டாத ஆசிரியரிடம் நான் படிக்க மாட்டேன். மறுத்து வாதாடட்டும், ஆனால் காட்டிவிட்டு வாதாடட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: "இன்சுலின் போடுகிற நோயாளி, இனி ஊசியை நிறுத்தலாமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்?" நிறுத்தவே கூடாது, அவருடைய டாக்டரிடம் அனுப்புங்கள் என்று பட்டென்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். எந்த வீரியத்தில் மருந்து என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.