லிக்டன்ஸ்டைன் போகலாமா? வாடுஸ் மட்டும்தான் என்றால் வேண்டாம்

சுவிட்சர்லாந்துக்குப் பயணத் திட்டம் போடுகிற நம்மவர்கள் பலருக்கும் வரைபடத்தைப் பார்க்கும்போது ஒரு சபலம் வரும். கிழக்கு ஓரத்தில், ஆஸ்திரியாவுக்கும் சுவிஸுக்கும் நடுவே, ஒரு குட்டி நாடு. மொத்தப் பரப்பு 160 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை சுமார் 40,000. "இவ்வளவு பக்கத்தில் இருக்கே, ஒரு எட்டு போய்விட்டு வந்தால் இன்னொரு நாடு கணக்கில் சேருமே" என்று தோன்றும். பயணக் குழுக்களில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இரண்டு விதமான பதில்கள்தான் கிடைக்கின்றன. "ஒன்றுமே இல்லை, வேஸ்ட்" என்று ஒரு கூட்டம். "சொர்க்கம், விட்டுவிடாதீர்கள்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. போன இடம் வேறு வேறு, அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைநகர் வாடுஸில் இரண்டு மணி நேரம் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காக என்றால் போகாதீர்கள். ஒரு முழு நாளை ஒதுக்கி, அதில் பாதிக்கு மேல் மலைப்பக்கம் செலவழிக்கத் தயார் என்றால், ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை தாராளமாகப் போங்கள். சுவிஸில் உங்கள் கையில் இருப்பதே நான்கைந்து நாட்கள்தான் என்றால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

வாடுஸ் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். ஊரின் நடுவே ஸ்டேட்லே என்று ஒரு நடைவீதி. வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கைக்கடிகாரக் கடைகள், நினைவுப்பொருள் கடைகள், சில உணவகங்கள், வங்கிகள். தலைக்கு மேலே குன்றில் கோட்டை கம்பீரமாக நிற்கும். சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள் எல்லாரும் "எப்போது உள்ளே போகலாம்?" என்று கேட்பார்கள். போக முடியாது. இளவரசர் குடும்பம் வசிக்கிற வீடு அது. 1938-இல் இரண்டாம் ஃபிரான்ஸ் யோசஃப் குடிவந்ததிலிருந்து அப்படித்தான். அதற்கு முன்பு இந்த நாட்டின் இளவரசர்கள் வியன்னாவில் இருந்துகொண்டே இதை ஆண்டார்கள். காட்டுப்பாதையில் இருபது நிமிடம்போல ஏறினால் கோட்டைச் சுவர் வரை போகலாம், பள்ளத்தாக்குக் காட்சி நன்றாக இருக்கும். கதவுக்கு அந்தப்பக்கம் கிடையாது. ஆண்டில் ஒரு நாள், ஆகஸ்ட் 15 அவர்களுடைய தேசிய நாள், அன்று கோட்டையை ஒட்டிய புல்வெளியில் அரசு விழா நடக்கும், பொதுமக்களும் போவார்கள். மாலையில் வாடுஸ் முழுக்கத் திருவிழா, இரவில் வாணவேடிக்கை. வாடுஸுக்காகவே ஒரு நாள் போகலாம் என்றால் அது அந்த நாள்தான். அறை மட்டும் வெகு முன்னாலேயே பிடித்துவிட வேண்டும்.

அருங்காட்சியகங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு வாடுஸ் கொஞ்சம் கைகொடுக்கும். கருப்புப் பெட்டி மாதிரி நிற்கிற கலை அருங்காட்சியகம் 2000-இல் திறந்தது. நவீன, சமகாலக் கலை. அதை ஒட்டிய வெள்ளைக் கட்டடத்தில் ஹில்டி அறக்கட்டளையின் சேகரிப்பு. ஆம், துளையிடும் இயந்திரம் செய்கிற அதே ஹில்டி. நம்மூர் கட்டடத் தொழிலாளிகளுக்கும் தெரிந்த பெயர், தலைமையகம் பக்கத்து ஊரான ஷானில். என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டியது ஷாட்ஸ்கம்மர் என்கிற சிறிய கருவூல அறைக்கு. அப்பல்லோ 11, 17 பயணங்களில் கொண்டுவந்த நிலவுக் கல் துணுக்குகள், ரஷ்ய நகைக்கலைஞர் ஃபாபெர்ஜே செய்த ஆப்பிள் பூ முட்டை, இளவரசர்களின் ஆயுதங்கள் எல்லாம் ஒரே இருட்டறையில். முக்கால் மணி நேரம் போதும். ஒன்றை மறக்காதீர்கள்: கலை அருங்காட்சியகத்துக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளும் சூப்பர்மார்க்கெட்டுகளும் மூடியிருக்கும். ஒரு நவம்பர் திங்கட்கிழமை மழையில் போய் இறங்கியவர் "ஒன்றுமே இல்லை" என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டின் மேற்கு எல்லை ரைன் ஆறு. ஆற்றோரச் சமவெளி ஒரு பட்டையாக வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே முழுக்க மலை. சுற்றுலாக்காரர்களில் பெரும்பாலோர் அந்தச் சமவெளிப் பட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வாடுஸில் 21-ஆம் எண் பேருந்தில் ஏறி உட்காருங்கள். வளைந்து வளைந்து ட்ரீசன்பெர்க் என்ற ஊருக்கு ஏறும். சுமார் 1300-ஆம் ஆண்டுவாக்கில் மேற்கே சுவிஸின் வாலிஸ் பகுதியிலிருந்து வந்து குடியேறிய வால்சர் மக்களின் ஊர் அது. பேச்சு வழக்கு இன்றும் கீழே இருப்பவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. வெங்காயக் குமிழ் வடிவக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், அதன் முன்னால் நின்றால் ரைன் பள்ளத்தாக்கு முழுக்கக் காலடியில். அதே பேருந்து இன்னும் ஏறி ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும்போது நிலமே மாறிவிடும். வங்கி, அலுவலகம், கண்ணாடிக் கட்டடம் எதுவும் இல்லை. மேய்ச்சல் நிலம், மரவீடுகள், பாறை முகடுகள். கடைசி நிறுத்தம் மால்புன், 1,600 மீட்டர் உயரம். வாடுஸிலிருந்து மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

மால்புனில் சாரைஸ் நாற்காலி லிப்ட் சுமார் 2,000 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். நடக்க முடியாதவர்கள் மேலே உள்ள உணவகத்தில் உட்கார்ந்து ஆஸ்திரிய மலைகளைப் பார்த்துவிட்டு அதே லிப்டில் இறங்கிவிடலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் லிப்டையும் தவிர்க்க நினைத்தால், சுரங்கம் தாண்டியதும் வருகிற ஸ்டேக்கில் இறங்கி கெங்லேசே என்ற சிறு ஏரிவரை போகலாம், பெரும்பாலும் சமதளம்.

நடப்பவர்களுக்கு ஃபூர்ஸ்டின் கினா பாதை. சாரைஸிலிருந்து முகட்டோரமாக 2,359 மீட்டர் ஆக்ஸ்டென்பெர்க் உச்சிக்கு ஏறி, 2,108 மீட்டரில் உள்ள ஃபெல்சர் குடிலுக்கு இறங்கி, அங்கே சாப்பிட்டுவிட்டு மால்புனுக்குத் திரும்புகிற வட்டம். ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சறுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி போட்ட பாதை என்றால் மலைப்பாதை, வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை; சுவிஸில் உள்ள அதே முறை. இங்கே தவறு நடக்கிற இடங்கள் மூன்று. ஒன்று, மே மாதமே போய்விடுவது. நிழல் படிகிற சரிவுகளில் ஜூன் வரைகூடப் பனி கிடக்கும், லிப்டும் இடைப்பருவங்களில் ஓடாது. இரண்டு, ஜூலை, ஆகஸ்டில் தாமதமாகக் கிளம்புவது. பிற்பகலில் இடிமழை கட்டும் நாட்கள் அதிகம். அந்த நேரத்தில் முகட்டில் நிற்கக் கூடாது. காலையிலேயே மேலே இருந்தால் நல்லது. மூன்று, பேருந்து நேரம் பார்க்காமல் இறங்குவது. மால்புனிலிருந்து வண்டி நிமிடத்துக்கு ஒன்று வராது.

ஃபூர்ஸ்டன்ஷ்டைக் என்று இன்னொரு பாதையின் படங்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. 1898-இல் செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்டது. அற்புதமான பாதை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒருபக்கம் அதல பாதாளம், சில இடங்களில் எஃகுக் கயிறைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போய்ச்சேருவது எப்படி? விமான நிலையம் கிடையாது, பக்கத்தில் உள்ள பெரியது சூரிக். ஷான் பகுதியில் ரயில் நிறுத்தம் இருக்கிறது, ஆனால் நெடுந்தூர ரயில்கள் நிற்காமல் போய்விடும். சூரிக்கிலிருந்து சார்கான்ஸுக்கு ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்துக்கு வெளியே 11-ஆம் எண் பேருந்து, அரை மணியில் வாடுஸ். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் இந்தப் பேருந்துகளிலும் செல்லும், தனிச் சீட்டு வேண்டாம். சூரிக்கில் தங்கினால் ஒரே நாளில் போய்வரலாம். இன்டர்லாக்கனில் தங்கிக்கொண்டு போய்வர நினைப்பது வீண். போக வரவே ஏழு மணி நேரத்தை விழுங்கிவிடும். காரில் போகிறவர்களுக்கு: லிக்டன்ஸ்டைனுக்குள் நெடுஞ்சாலை வரி ஸ்டிக்கர் கிடையாது, ஆனால் ஆற்றின் மறுகரையில் ஓடும் ஏ13 சுவிஸுக்குச் சொந்தம், அதில் ஏற 40 பிராங்க் ஸ்டிக்கர் (விஞ்யெட்) வேண்டும்.

விசா பற்றி வீண் குழப்பம் வேண்டாம். 2011 டிசம்பரிலிருந்து இந்த நாடு ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், உண்டு. சுவிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசா போதும், ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் சிக்கல் இல்லை. சுவிஸ் எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள். பலர் ஆசைப்படுகிற பாஸ்போர்ட் முத்திரை, வாடுஸ் சுற்றுலா மையத்தில் சில பிராங்க் வாங்கிக்கொண்டு குத்தித் தருகிற நினைவுப்பொருள். குடியேற்ற முத்திரை கிடையாது. பாஸ்போர்ட் பக்கத்தில் அதிகாரபூர்வமில்லாத முத்திரை இருந்தால் பின்னால் ஏதோ ஒரு கவுண்டரில் கேள்வி வரலாம். எதற்கு வம்பு? ஒரு அஞ்சலட்டை வாங்கி அதில் குத்தச் சொல்லுங்கள். கூடவே லிக்டன்ஸ்டைன் தபால்தலையும் ஒட்டி வீட்டுக்கு அனுப்பினால் முத்திரையை விட அது அழகு.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை கைப்பேசி. லிக்டன்ஸ்டைன் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது, சுவிஸ் இல்லை. ஆகவே ஐரோப்பிய ஒன்றிய சிம் வைத்திருப்பவர்களுக்கு லிக்டன்ஸ்டைனில் ரோமிங் கட்டணம் கிடையாது. ஆனால் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து சுவிஸ் சிக்னலைப் பிடித்துக்கொண்டால் பில் ஏறும். சுவிஸ் சிம் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்: இங்கே நுழைந்தால் வெளிநாடு, குறியீடு 423. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டேட்டாவை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு சுவிஸ் விலைதான்; 1924 முதல் நாணயமே சுவிஸ் பிராங்க். உணவகத்தில் ஒரு தட்டு 25 முதல் 35 பிராங்க் ஆகும். சைவக்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி: ஊரின் அடையாள உணவான கேஸ்க்னோப்ஃப்லேயில் இறைச்சி இல்லை. மாவில் பிழிந்த சிறு உருண்டைகள், உருகிய சீஸ், மேலே வறுத்த வெங்காயம், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். மாவில் முட்டை உண்டு. சீஸில் ஒன்று புளித்த வகை, வாசம் தூக்கலாக இருக்கும். பிடிக்காதவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, பழம் வாங்கிக்கொண்டு மலையேறலாம். இரவு தங்குவதானால் ஆஸ்திரியப் பக்கம் ஃபெல்ட்கிர்ச் யூரோ விலையில் கொஞ்சம் மலிவு, 11-ஆம் எண் பேருந்து அங்கும் போகும்.

அரசியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1868-லேயே ராணுவத்தைக் கலைத்த நாடு, ஆனால் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை தந்தது 1984-இல். இளவரசருக்கு இன்றும் சட்டங்களைத் தடுக்கிற அதிகாரம் உண்டு. அதைக் குறைக்கலாமா என்று 2012-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். இதைத் தெரிந்துகொண்டு, 25 பேர் உட்காருகிற மஞ்சள் செங்கல் நாடாளுமன்றத்தையும் அதற்கு மேலே நிற்கிற கோட்டையையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது வாடுஸ் கொஞ்சம் சுவாரசியமாகிறது. தெரியாமல் பார்த்தால் அவை இரண்டும் வெறும் கட்டடம்.

மலை பிடிக்காது, குட்டி நாடு ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு என் சிபாரிசு சான் மரினோ. இத்தாலியின் ரிமினி ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். டிடானோ குன்றின் மேல் மூன்று கோபுரங்கள், முதல் இரண்டிலும் உள்ளே ஏறலாம், மூன்றாவதை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். அரை நாளிலேயே நிறைவாக இருக்கும். அண்டோராவுக்கு ஆசைப்படுகிறவர்கள் விசாவைப் பாருங்கள்: அது ஷெங்கனுக்கு வெளியே. பிரான்சிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ உள்ளே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறிய கணக்கு, திரும்பி வர இன்னொரு நுழைவு வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

லிக்டன்ஸ்டைன்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு நாள் வரிசை இப்படி: காலை ஏழு மணிவாக்கில் சூரிக்கில் ரயில் ஏறுங்கள், வாடுஸில் நிற்காமல் நேராக மால்புன் போங்கள், பிற்பகல் இரண்டரை மூன்றுக்குள் கீழே வந்துவிடுங்கள். வழியில் ட்ரீசன்பெர்க்கில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடியுங்கள். வாடுஸுக்குக் கடைசி ஒன்றரை மணி நேரம்: கருவூல அறை, அஞ்சலட்டை, பிறகு ஊருக்கு மேற்கே நடந்து ரைன் மேல் உள்ள பழைய மரப்பாலம். 1901-இல் கட்டியது, கூரை போட்டது, 135 மீட்டர் நீளம். நடுவில் எல்லைக்கோடு. கருவூல அறை பெரும்பாலும் ஐந்து மணிக்கு மூடிவிடும், அதை முதலில் முடித்துவிட்டுப் பாலத்துக்குப் போங்கள். பாலத்தைத் தாண்டினால் சுவிஸ் ஊர் செவெலன். அங்கும் ரயில் நிலையம் இருப்பதால் திரும்பி வாடுஸுக்கு நடக்க வேண்டியதில்லை.