21 நாள் கணக்கு சரியல்ல

"21 நாள் விடாமல் படித்தால் பழக்கமாகிவிடும், ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்கணும்" என்று பலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு.

இந்த 21-க்கு மூலமாகச் சொல்லப்படும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியது வேறு: அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகத்துக்குப் பழகக் குறைந்தபட்சம் சுமார் 21 நாள் ஆகிறது என்றார். பழக்கம் உருவாவதை நேரடியாக அளந்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழு. 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். பழக்கமாக ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது (84-ஐத் தாண்டியவை கணித மாதிரியில் மதிப்பிட்டவை). உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 22-ஆம் நாளும் சிரமமாக இருந்தால், "எனக்குக் கட்டுப்பாடே கிடையாது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் சிரமம் இருப்பது இயல்பு.

"தினமும் படிப்பேன்" என்பது போதாது, ஏற்கெனவே தவறாமல் செய்யும் வேலையோடு கோர்க்க வேண்டும்: "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் 10 நிமிடம் படிப்பேன்." புத்தகம் படித்து நிறுத்திய பக்கத்திலேயே மேசையில் விரித்திருக்கட்டும். ஒரு நாள் தவறினால், மறுநாள் அதே 10 நிமிடம்தான். ஈடுகட்ட 20 ஆக்கினால் அன்றைக்கே பாரமாகி, அதற்கடுத்த நாளும் தள்ளிப்போகும்.