அந்த லைவுக்குக் கைதட்டியவர்களுக்கு

அந்த லைவை நானும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க விட்டால்தானே. குடும்ப வட்ஸ்அப் குழு, பழைய மாணவர் குழு, மேல்மாடி அக்கா என்று எல்லாரும் அனுப்பிவிட்டீர்கள். அரசியல்வாதி ஐயா ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குள் நுழைகிறார், கவுண்டரில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கத்துகிறார், கொஞ்ச நேரத்தில் அந்த வயதான அம்மாவின் வதிவிடச் சான்றிதழில் கையொப்பம் விழுகிறது. கீழே இதயங்கள் பறக்கின்றன. "இப்படி ஒராள்தான் எங்களுக்கு வேணும்."

நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். "பின்னால் வரிசையில் நின்றவர்களின் வேலை முடிந்ததா?" அதற்குத்தான் இவ்வளவு வசவு. லஞ்சம் வாங்குகிறவர்களுக்கு வால்பிடிக்கிறேனாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் பிறந்தவனாம். சரி, கொமெண்டில் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அந்த அம்மாவுக்குக் கிடைத்தது சலுகை. அவருக்காக நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அடுத்த மாதம் அதே கவுண்டருக்கு இன்னொரு அம்மா வருவார். அவரோடு ஐயா வரமாட்டார், லைவும் இருக்காது. அந்த அம்மாவுக்கு இருப்பது அலுவலக விதி ஒன்றுதான். அந்த விதியை மிதித்துக் காட்டியதற்குத்தான் நீங்கள் கைதட்டினீர்கள்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இறந்த பிறகு, 1922இல் வெளிவந்த அவருடைய எழுத்தில், அரச அலுவலகம் போன்ற அதிகார அமைப்பின் அடையாளமே ஆளைப் பார்க்காமல் விதியைப் பார்ப்பதுதான் என்கிறார். அதே மனுசன் இந்த அமைப்பு ஆட்களைப் பூட்டிவைக்கும் கூண்டாகும் என்றும் பயந்தார், தெரியும். படித்த நண்பர்கள் யாராவது அதை எடுத்துக்கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கூண்டுதான். ஆனால் ஆள் பார்த்துத் திறக்கிற கூண்டு இன்னும் மோசம்.

அந்தப் பிள்ளை யார் என்று நினைத்தீர்கள்? முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். முந்தி இலிகிதர் என்போம். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் அவர் எதையும் தீர்மானிப்பதில்லை, திட்டை மட்டும் வாங்குகிறார். காசு சம்பந்தப்பட்ட பைல் என்றால் இன்னும் பயம். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி, அரசுக்கு வந்த நட்டத்தைப் பொறுப்பான ஆளிடமே அறவிட முடியும். சாதாரண ஆளிடம் "நாளைக்கு வாங்க" என்று சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. "சரி" என்று சொல்லி மாட்டுப்பட்டவர்களின் கதைகளை அப்பாவின் காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். பிறகு ஏன் இவர்கள் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

ஐயா கத்தும்போது அந்தப் பிள்ளை ஏன் நடுங்கினார் என்றும் யோசித்துப் பாருங்கள். இலங்கையின் 1972 அரசியலமைப்பு அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாவற்றையும் அமைச்சரவையின் கையில் கொடுத்தது. 2001இல் 17ஆவது திருத்தம் இந்த வேலைகளைப் பார்க்கும் அரச சேவை ஆணைக்குழுவுக்குச் சுதந்திரம் தந்தது, 2010இல் 18ஆவது அதன் பல்லைப் பிடுங்கியது, 2015இல் திரும்பக் கொடுத்தார்கள், 2020இல் திரும்பப் பிடுங்கினார்கள், 2022இல் மறுபடி கொடுத்திருக்கிறார்கள். இந்த இழுபறியைப் பார்த்து வளர்ந்த ஊழியர் அரசியல்வாதியின் முகத்தைப் பார்க்காமல் விதியைப் பார்ப்பாரா?

ஆம், நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பிறந்தவன்தான். அப்பா 1960களில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 சட்டத்துக்குப் பிறகு வேலைக்கு வந்த தமிழர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு நின்றுவிடும். கூட இருந்தவர்களில் சிலர் ரோசப்பட்டு விட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குப் பின்னால் மூன்று தங்கச்சிமார். போக முடியவில்லை. இருந்து படித்துப் பாஸ் பண்ணினார். அந்தக் கோபம் கடைசிவரை அவருக்குப் போகவில்லை.

அந்த மனுசனிடம் சொந்தக்காரர் ஒருவர் வாழைக்குலையோடு வந்து, "என்ர பைலைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கோ" என்றார். அப்பா கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "அப்ப, உமக்கு முன்னால இருக்கிற ஆளுக்கு ஆர் குலை கொண்டுவாறது?" குலையோடு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வீட்டுக் கலியாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஊரே அப்பாவைக் கல்நெஞ்சன் என்றது. இன்றைக்கு என்னைச் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான், பழகவில்லை.

"சட்டம் பேசுற உங்களுக்கு அந்தக் கவுண்டரில நின்ற அனுபவம் இருக்கா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இருக்கிறது, தம்பி. அம்மாவின் அலுவலாக ஓர் அரச காரியாலயத்துக்குப் போனேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழில் கேட்டேன். முடிந்துவிட்டதாம். எப்போதாவது இருந்ததா என்று கேட்டதற்குத்தான் உள்ளே இருந்து பெரியவர் எழுந்து வந்தார். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, 1988இல் 16ஆவது திருத்தம் நிருவாக மொழி பற்றி விரிவாகவே சொன்னது, இதையெல்லாம் மரியாதையாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அங்கே நான் "பிரச்சினை பண்ணுற ஆள்".

பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தமிழ்ப் படிவம் ஏன் இல்லை என்று தமிழில் எழுதிக் கேட்டேன். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம். பதில் சட்டப்படி நேரத்துக்கு வந்தது. சிங்களத்தில்.

சிரிக்கலாம், நானும் சிரித்தேன். போன் பண்ண எனக்கும் ஒராள் இருக்கிறார், பண்ணவில்லை. மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

"எல்லாம் டிஜிட்டல் ஆனால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு: ஒன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, அதையே அச்சடித்துக் கொண்டுபோய் வரிசையில் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர்? அவ்வளவுதான் என் பதில்.

ஆனால் "விதி விதி என்று சனத்தைச் சாகடிக்கிறாங்கள்" என்ற வாதம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. விதியால் செத்தது குறைவு, அண்ணே. கொழும்புத் தமிழன் நீங்கள், மறந்துவிட்டீர்களா? 2007 ஜூன் 7. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த எங்கள் சனத்தைப் பொலிஸார் விடியுமுன் எழுப்பி, கொழும்பை விட்டு அனுப்ப பஸ்ஸில் ஏற்றினார்களே. வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர் என்று பார்த்தார்களா? அடையாள அட்டை கையில் இருந்தும் பயனில்லை. கொழும்பில் இருக்கப் போதிய காரணம் இல்லையாம்! அதை நிறுத்தியது லைவ் போட்ட ஐயா யாருமில்லை. உயர் நீதிமன்றத்துக்கு மனுவோடு போனார்கள், அடுத்த நாளே இடைக்காலத் தடை வந்தது. ஒரு மனு, ஒரு கட்டளை, எல்லாம் நீங்கள் நக்கலடிக்கிற அதே கடதாசிதான்.

ஆள் பலம் உள்ளவர்களுக்குக் கடதாசி தேவையில்லை, அவர்களுக்குப் போன் நம்பர் போதும். எங்களுக்கு என்ன இருக்கிறது? அந்த ஐயாவின் நம்பர் உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது? இருக்கிறது என்றால் அடுத்த தேர்தல் வரைக்கும் இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

கடைசியாக, "அப்பன்ர பென்ஷன்ல வளர்ந்த திமிர்" என்று எழுதியவருக்கு. ஆம், வளர்ந்தேன். அப்பா போன பிறகு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் அம்மாவுக்கு இன்றைக்கும் மாதாமாதம் வருகிறது, யாருக்கும் போன் பண்ணாமல்.