பாக்கி கேட்டால் கந்துவட்டிக்காரனா?

நேற்றைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. "பணத்துக்காகப் பிடுங்கி எடுக்கிறார்கள், இவர்களிடம் சோலார் போடாதீர்கள்" என்று, நான் வீட்டுக் கூரையில் சோலார் மாட்டிக் கொடுத்து, கடைசிப் பாக்கியை இன்னும் தராத ஒரு ஐயா எழுதியதையும், அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கந்துவட்டிக்காரன் ஆக்கியதையும் இரவு முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். நான் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் என் பெயரைப் படத்தோடு போட்டார். இருக்கட்டும்.

ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வந்தேன். வேலை முடிந்து, பேனல் ஓட ஆரம்பித்து, ஐந்து மாதம் ஆகிவிட்டது; என் பணத்தைக் கேட்டேன். ஐந்து மாதத்தில் மூன்று போன். நான்காவது முறை எங்கள் டெக்னீஷியன் நேரில் போய், வாசலில் நின்று, "சார் கேட்டு வரச் சொன்னார்" என்றான். பிடுங்கியது இவ்வளவுதான்.

"மொத்தத்தில் பத்து சதவீதம்தானே, அதற்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்கு தெரியாமல் கேட்கிறார், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். முன்பணம் பேனலுக்கும், அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கும் போய்விடும். பொருள் இறங்கும்போது வருவது ஸ்ட்ரக்சர், கேபிள், எர்த்திங், கூரை ஏறியவர்களின் கூலி என்று கரைந்துவிடும். கடைசிப் பத்து சதவீதத்தில்தான் என் லாபம், என் வீட்டுச் செலவு, அடுத்த வேலைக்கான முதல் எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு அது சில்லறை பாக்கி. எனக்கு அந்த வேலையில் கிடைப்பதே அதுதான். சப்ளையர் எனக்குக் கொடுப்பது முப்பது நாள் கெடு. அவரிடம் போய் "கஸ்டமர் இன்னும் தரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த லோடு வராது.

இனி அவர் சொன்ன காரணங்கள். முதலில் "நெட் மீட்டர் வரட்டும்" என்றார். வாங்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் அந்த மீட்டரை மாட்டுவது மின்வாரியம், நான் இல்லை. ஆனாலும் காத்திருந்தேன், வந்தது. அப்புறம் "மகன் வரட்டும்" என்றார். மகனும் வந்தார், போனார். அப்புறம் "மழை முடியட்டும், எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்." மழையும் முடிந்தது. இப்போது புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்: "5 கிலோவாட் என்றார்கள், 4 சொச்சத்தைத் தாண்டவே இல்லை."

ஐயா, 5 கிலோவாட் என்பது பரிசோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலில் இருக்கும் சோலார் செல்லின் சூடு 25 டிகிரி, அந்த நிலையில் எடுத்தது. உச்சி வெயிலில் உங்கள் கூரைமேல் அந்தச் செல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் குறையும். சூட்டிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. தூசியையும் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 4 சொச்சம் காட்டுவது ஒழுங்காக ஓடுவதற்கு அடையாளம். கொட்டேஷன் கொடுத்த அன்றே இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். தலையாட்டினார். மாதம் இத்தனை யூனிட் என்று எழுதியும் கொடுத்தேன். அதற்குக் கூடுதலாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பில் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வேலையைத் தாமதமாக முடித்தீர்களாமே?" ஆமாம், மூன்று வாரம். இன்வெர்ட்டர் வந்து சேரவில்லை. அதை விடுங்கள்.

என் பக்கம் பேசியவர்களும் சும்மா இல்லை. "இங்கிருந்தே ஆஃப் செய்துவிடுங்கள், ஓடி வருவார்" என்று பத்துப் பேராவது எழுதியிருக்கிறீர்கள். பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அடுத்தவர் கூரையில் மாட்டிக் கொடுத்ததை நானாக நிறுத்தினால், நாளை கூண்டில் நிற்கப்போவது நான். கென்யாவில் எம்-கோப்பா என்ற நிறுவனம் 2012-இல் தவணை முறையில் சோலார் கொடுக்க ஆரம்பித்தது. மொபைலில் பணம் கட்டாவிட்டால் கருவி தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அது வாங்கும்போதே சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு. என்னுடையது நம்பிக்கையில் போன வியாபாரம், அதாவது என் முட்டாள்தனம். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு விரல் அந்தப் பட்டன் வரை போனது. அந்த நேரத்தில் பேனலில் எதுவும் ஓடாது, ஆஃப் செய்து என்ன பயன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

என் அப்பா தச்சர். நீளமான ஒரு நோட்டு வைத்திருப்பார். கதவு, ஜன்னல், கட்டில், அதற்கு எதிரே பெயர், அதற்கு எதிரே பாக்கி. போய்க் கேட்டு வாருங்கள் என்று அம்மா சொன்னால், "தெரிந்தவர்கள், தருவார்கள்" என்பார். அவர் இறந்த அன்று அந்த நோட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். அழுதார்கள். தங்கமான மனிதர் என்றார்கள். ஒருவர்கூடப் பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நான் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது, அந்த நோட்டு எனக்கு மனப்பாடம்.

அதனால் "பெரிய மனதோடு விட்டுக்கொடுங்கள்" என்று அறிவுரை சொல்ல வருபவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள். பெரிய மனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். என்னைக் கந்துவட்டிக்காரன் என்றீர்களே, நான் ஒரு நாளுக்கும் வட்டி போட்டதில்லை. ஐந்து மாதமாக என் பணத்தை வட்டியில்லாமல் அவர்தான் வைத்திருக்கிறார். இதில் வாங்கியவர் நிமிர்ந்து பதிவு போடுகிறார், கொடுத்தவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்க்கிறான்.

திங்கட்கிழமை மறுபடி அழைக்க வேண்டும். இந்த முறை "தொந்தரவுக்கு மன்னிக்கவும் ஐயா" என்று ஆரம்பிக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். போன முறையும் இதே முடிவோடுதான் அழைத்தேன்.