கட்டை போட்டவருக்கு ஹார்ட், விழுந்தவனுக்குச் சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்துக் காட்டுப் பாதையில் யாரோ மறைத்துப் போட்ட கட்டையில் மோதி நம் பையன் ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்த விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அதைப் பற்றிப் போட்ட படத்துக்குக் கீழே நம் ஆட்களே வந்து போட்ட கமெண்டுகளைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. "காட்டுக்குள்ள போய் வித்தை காட்டினா இப்படித்தான்." "நடக்கிறவங்க பாதையில சைக்கிளுக்கு என்ன வேலை?" கூடவே சிரிப்பு இமோஜி. காறை எலும்பு உடைந்து வீட்டில் கிடப்பவன் உங்களில் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்ட பையன். அதையாவது ஞாபகம் வைத்திருக்கலாம்.

முதலில் ஒன்று. அது பிரைடில்வே, குதிரைப் பாதை. கம்பத்தில் நீல அம்பு இருக்கிறது, சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் நடப்பவர், குதிரை, சைக்கிள் மூன்றுக்கும். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை இது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரன் வழிவிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. விடுகிறோம். நின்று, காலை ஊன்றி, குட் மார்னிங் சொல்லி விடுகிறோம். கட்டைக்கு வழிவிடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

"மரம் தானாக விழுந்திருக்கலாமே" என்று ஒருவர் மிக நியாயமாகக் கேட்டிருக்கிறார். வளைவு முடிந்து இறக்கம் தொடங்குகிற இடம். தொடைப் பருமனில் பிர்ச் மரக் கட்டை, இரண்டு முனையும் ரம்பத்தால் அறுத்தது. மேலே பெரணி இலைகளைப் பரப்பி வைத்திருந்தது. காற்றில் விழுகிற மரம் தன் மேல் தானே இலை போட்டு மூடிக்கொள்ளுமா சார்? கனடாவில், வடக்கு வான்கூவர் மலைப் பாதைகளில், இதே வேலையைச் செய்த 64 வயதுப் பெண்மணி ஒளித்துவைத்த கேமராவில் சிக்கி 2015இல் கைதானார். அங்கே அது போலீஸ் கேஸ். இங்கே அது நகைச்சுவை.

சரி, அடுத்த கேள்வி வரும், தெரியும். "நீங்கள் மஞ்சள் அம்புப் பாதையிலும் ஓட்டுகிறீர்களே?" சிலர் ஓட்டுகிறார்கள். அதற்குமுன் அந்த மஞ்சளும் நீலமும் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பாரிஷ் கவுன்சிலும் (நம் ஊராட்சி மாதிரி) தன் ஊர்ப் பாதைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்தது. அந்தக் காலத்தில் யார் அதில் நடந்தார்கள், யார் குதிரையில் போனார்கள் என்பதை வைத்துப் போட்ட கணக்கு. அதனால்தான் நல்ல அகலமான வண்டித்தடம் மஞ்சளாக இருக்கும், பக்கத்திலேயே இரண்டு பேர் ஒதுங்க இடமில்லாத சேற்றுப் பள்ளம் நீலமாக இருக்கும். இன்றைக்கும் இங்கிலாந்தின் பொதுவழிகளில் ஏறக்குறைய 22 சதவீதத்தில்தான் சைக்கிளுக்கு உரிமை. அந்த 22 சதவீதப் பாதைகளில் ஒன்றில்தான் இந்தக் கட்டை கிடந்தது. அது குதிரைப் பாதை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், திரும்பத் திரும்ப "நடைபாதை" என்றே எழுதுகிறீர்களே.

ஸ்காட்லாந்தில் இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் 2003இல் சட்டம் போட்டுவிட்டார்கள். நடந்தாலும் சைக்கிளில் வந்தாலும் குதிரையில் வந்தாலும் உரிமை ஒன்றுதான். பொறுப்பாக நடந்துகொள்கிறாயா என்பதே கேள்வி. அங்கே மலைகள் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"வேகமாக வருகிறார்கள், வயதானவர்கள் பயப்படுகிறார்கள்." இது மட்டும் நியாயமான பேச்சு. போன கோடையில் அம்மா ஈரோட்டிலிருந்து வந்திருந்தபோது லீத் ஹில் மலைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனேன். பின்னால் ஒருவன் சைக்கிளில் சத்தமே இல்லாமல் வந்து உரசுகிற மாதிரி போனான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பெல் அடிச்சா கொறைஞ்சா போயிருவான்?" என்றார். அவன் முட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் பெல் அடித்தால் என்ன நடக்கிறது? "எங்களை ஒதுங்கச் சொல்கிறாயா" என்று ஊன்றுகோலை நீட்டுகிறார்கள். அடிக்காவிட்டால் திருடன் மாதிரி வருகிறேனாம். வாயால் "எக்ஸ்கியூஸ் மீ" சொன்னால் அந்தத் தொனி சரியில்லையாம். நீல அம்புக் கம்பத்தின் பக்கத்திலேயே என்னை நிறுத்தி ஒரு பெரியவர் "இது நடப்பவர்களுக்கான பாதை" என்றார். அம்பைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "அப்படி இருக்கக் கூடாது" என்றார்! இதற்கு மேல் நான் எதைக் காட்ட?

பாதை கெடுகிறது என்பவர்களுக்கு: ஒண்டாரியோவில் ஒரே காட்டுச் சரிவில் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் 500 தடவை வரை விட்டுப் பார்த்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. செடிக்கும் மண்ணுக்கும் வந்த சேதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈரத்தில் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற பயல்களுக்காக நான் வாதாடவில்லை. குதிரைக் குளம்பு பற்றி மட்டும் ஏன் ஒருவரும் வாயே திறப்பதில்லை? குதிரை வைத்திருப்பவர் யார், நாம் யார், அதுதானே.

நடைச் சங்கத்துக்காரர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கிண்டர் ஸ்கௌட் மலைக் கதை சொல்வார்கள். 1932 ஏப்ரல் 24, ஜமீன்தார்களின் வேட்டைக் காட்டுக்குள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அத்துமீறி நுழைந்தார்கள், ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். நல்ல கதை, எனக்கும் மயிர்க்கூச்செறியும். அன்றைக்கு மரியாதைக்குரிய நடைச் சங்கங்கள் அவர்களுக்கு ஆதரவு தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே. தலைமை தாங்கிய பென்னி ராத்மேனுக்கு 20 வயது. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று அவர் மலையடிவார ஊரான ஹேஃபீல்டுக்கு எதில் வந்தார் தெரியுமா? சைக்கிளில்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லமாட்டேன். இங்கே ஹர்ட்வுட் காட்டை 1926இல் அதன் சொந்தக்காரர்களான பிரே குடும்பம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஞாயிறு காலை அங்குள்ள பீஸ்லேக் ஊர்க்கடை வாசலில் சேறு அப்பிய சைக்கிள்காரர்களும் நாயோடு வந்த நடைக்காரர்களும் சீஸ் ஸ்ட்ரா என்ற பலகாரத்துக்காக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யாரும் யாரையும் கடிப்பதில்லை.

வெள்ளைக்காரப் பெரியவர் முறைப்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. அவர் என் சைக்கிளை முறைக்கிறாரா, என்னை முறைக்கிறாரா என்று யோசிப்பதையும் விட்டுவிட்டேன். நம்மவர்கள் "நமக்கெதுக்கு வம்பு, ஒழுங்கா வேலைக்குப் போயிட்டு வீட்டுல இருக்கலாமே" என்று எழுதுவதுதான் தாங்கவில்லை. ஏன், நமக்கு இந்த நாட்டில் கோயில், கடை, ஆபீஸ் மூன்றுதான் அளந்து விட்டிருக்கிறதா? வரி மட்டும் முழுசாகக் கட்டவில்லையா? காட்டுக்குள் போவதற்குக்கூடவா சொந்தக்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பையனுக்கு ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம். போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. கமெண்டில் "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்" என்று வருகிறவர்கள் வர வேண்டாம். அவனுக்கு போன் போட்டு அந்த ஜோக்கைச் சொல்லுங்கள், நம்பர் உங்களிடமே இருக்கிறது.