அந்தக் கரும்பலகையில் இருந்தது ஜோசியம் இல்லை

நேற்று காலையிலிருந்து பத்துப் பேராவது அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். கரும்பலகை முன்னால் 'தி சிம்ப்ஸன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூனின் நாயகன் ஹோமர் சிம்ப்ஸன் நிற்கிற படம், மேலே சிவப்பு எழுத்தில் "கடவுள் துகளை 14 வருஷத்துக்கு முன்பே சொன்ன கார்ட்டூன்!". கடவுள் துகள் என்பது ஹிக்ஸ் போஸான் என்ற அடிப்படைத் துகளின் பட்டப்பெயர். கீழே இருக்கிற இரண்டு பத்தி போன மாதம் நான் எழுதியது. மூன்றாவது பத்தியை வெட்டிவிட்டார்கள். அந்தத் துகளுக்காகக் கரும்பலகையில் இருக்கிற சமன்பாடு தருகிற விடை தப்பு என்று நான் எழுதியிருந்தது அந்த மூன்றாவது பத்தியில்தான்.

என் பெயரைப் போடவில்லை என்பது வலிக்கத்தான் செய்தது, மறைக்க மாட்டேன். ஆனால் இரவு தூக்கம் போனது அதனால் இல்லை. ஒரு மனிதன் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்த வேலையை 'தீர்க்கதரிசனம்' என்று எழுதி, அவனை ஒரே வரியில் காணாமல் அடித்துவிட்டார்களே, அதனால்தான்.

தெரியாதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். 1998 செப்டம்பரில் வந்த எபிசோடு அது. எடிசனைப் பார்த்துப் பித்துப் பிடித்து ஹோமர் தானும் கண்டுபிடிப்பாளர் ஆகக் கிளம்புவான். கரும்பலகை திரையில் சில நொடிதான் இருக்கும். நிறுத்திப் பார்த்தால் நாலு வரி. இரண்டாவது வரியில், 3987-இன் 12ஆம் அடுக்கையும் 4365-இன் 12ஆம் அடுக்கையும் கூட்டினால் 4472-இன் 12ஆம் அடுக்கு வரும் என்று இருக்கும். ஃபெர்மாவின் கடைசித் தேற்றப்படி இது நடக்கவே முடியாது: அடுக்கு இரண்டுக்கு மேல் போனால், இரண்டு முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு முழு எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்கிறது அது. முந்நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் பிடி கொடுக்காமல் இருந்த தேற்றம். கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995இல்தான் அச்சில் வந்தது. அப்படியிருக்க, பத்து இலக்கம் மட்டும் காட்டுகிற சாதாரணக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் ஹோமர் சொல்வது சரி என்றே வரும்! இரண்டு பக்கமும் 44 இலக்க எண்கள். முதல் பத்து இலக்கம், 6397665634, இரண்டிலும் ஒன்றேதான். பதினொன்றாவது இலக்கத்தில்தான் ஒன்றில் 9, இன்னொன்றில் 8.

இது தானாக அமையுமா? எழுத்தாளர் குழுவில் இருந்த டேவிட் கோஹன் இப்படி மயிரிழையில் தப்புகிற எண்களைத் தேடுவதற்கென்றே ஒரு கணினி நிரல் எழுதினார். ஹார்வர்டில் இயற்பியல், பெர்க்லியில் கணினியியல் படித்தவர். 1995இல் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழுகிற கதையில் இதேபோல் 1782, 1841, 1922 என்று மூன்று எண்கள் வரும். அதில் ஓட்டை உண்டு. இரட்டைப்படையும் ஒற்றைப்படையும் கூட்டினால் ஒற்றைப்படைதான் வரும், வலது பக்கமோ இரட்டைப்படை. பள்ளிப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். 1998இல் வந்த எண்கள் அந்தச் சோதனையில் மாட்டாது. என் மகள் எட்டாம் வகுப்பு, இதைப் பிடிக்கிறேன் என்று பென்சிலோடு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து, "அப்பா, இலக்கத்தைக் கூட்டிப் பாருங்க, முதல் ரெண்டும் மூணால வகுபடுது, 4472 வகுபடல" என்றாள். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்துக்காகத்தான் கோஹன் அந்த எண்களை அங்கே வைத்தார் என்று நான் நம்புகிறேன்.

சரி, கடவுள் துகளுக்கு வருவோம். முதல் வரி ஹிக்ஸ் போஸானின் நிறைக்கான சமன்பாடு, கோஹனின் பள்ளித் தோழரான ஒரு வானியலாளர் தந்தது. மாறிலிகளைப் போட்டுக் கணக்கிட்டால் ஏறக்குறைய 775 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்கிற அலகு) வரும். 2012இல் செர்ன் ஆய்வகத்தில் கிடைத்த துகளின் நிறை 125. ஆறு மடங்கு வித்தியாசம்! அந்தத் துகள் இருக்கும் என்று 1964லேயே எழுதிவைத்தவர் பீட்டர் ஹிக்ஸ். அவரையும் விட்டுவிட்டு ஹோமர் கண்டுபிடித்தான் என்று எழுத எப்படிக் கை வருகிறது?

"ட்ரம்ப் ஜனாதிபதி ஆவார்னு இதே கார்ட்டூன்ல 2000லேயே சொன்னாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். சொன்னார்கள். அந்த நேரத்தில் ட்ரம்ப் ஒரு கட்சியின் வேட்பாளராக நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பேப்பரில் வந்த செய்தி அது. அவர் எஸ்கலேட்டரில் இறங்குவதாக நீங்கள் பகிர்கிற கார்ட்டூன் படம் 2015இல், தேர்தலில் நிற்பதை அறிவிக்க அவர் நிஜமாகவே அப்படி இறங்கி வந்த பிறகு வரைந்தது. 750 எபிசோடுக்கு மேல் எழுதினால் நாலு பலிக்கும். இதற்கு மேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

"கார்ட்டூன்தானே அண்ணே, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?" இதை எழுதிய தம்பிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நேரடியாகச் சொல்லத் தெரியவில்லை தம்பி, என் அப்பா கதையைச் சொல்கிறேன்.

அப்பா போர்டு எழுதுகிறவர். எனாமல் பெயின்ட், தகரம், சாரம். எங்கள் ஊர் பாத்திரக்கடை போர்டில் ஒரு பித்தளைக் குடம் வரைந்தார். கடைக்கு எதிரே கோயில். குடத்தின் வளைவில் வெளிச்சம் விழுகிற இடத்தில், அந்தக் கோபுரம் வளைந்து தெரிகிற மாதிரி, கட்டைவிரல் அளவில் தீட்டியிருந்தார். நிஜக் குடத்தை வீட்டில் வைத்து மூன்று நாள் பார்த்தார், எனக்கு நினைவிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருஷம் யாரும் பார்க்கவுமில்லை. பிறகு ஒரு நாள் யாரோ பார்த்துவிட்டார்கள். "குடத்துல கோபுரம் தெரியுது" என்று சனம் கூடிவிட்டது. சூடம் கொளுத்தினார்கள், போர்டுக்கு மாலை போட்டார்கள். கூட்டத்தின் கடைசியில் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது நான் போட்டது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர், "நீ என்னத்தப் போட்ட, சாமி உன் கையைப் புடிச்சுப் போட வச்சிருக்கு" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து அப்பா அன்று சாப்பிடவில்லை. சாமி மேல் அவருக்குக் கோபம் கிடையாது, தினம் கும்பிடுகிறவர். எப்படி அந்த வளைவைப் பிடித்தாய், எந்த பிரஷ் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை என்பதுதான். இப்போது அங்கே ஃப்ளெக்ஸ் தொங்குகிறது.

"இதெல்லாம் நமக்கு என்ன சம்பந்தம்" என்கிறவர்கள், இதே கோஹன் உருவாக்கத்தில் பங்கெடுத்த ஃப்யூச்சுராமா கார்ட்டூனைப் பாருங்கள். அதில் வரும் பெண்டர் ரோபோ, தன்னைச் செய்த இயந்திரத்துக்கு 1729ஆவது மகன். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்சியின் எண்ணைக் கேட்டதும் இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்றாரே, அதே எண். கடல் தாண்டி ஒருத்தர் நம் ஆளுக்கு வைத்த வணக்கம் அது. அதையும் நாளை 'மர்ம எண்' என்று போடுவீர்களா?

அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கு இன்பாக்ஸில் எழுதியிருக்கிறேன். பதிவை எடுக்கச் சொல்லவில்லை. என் பெயரும் வேண்டாம். மூன்றாவது பத்தியைச் சேருங்கள், டேவிட் கோஹன் என்ற பெயரைப் போடுங்கள் என்று மட்டும் கேட்டேன். பார்த்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை.