வானவில் பைக்குத் தடை இல்லை

"வானவில் நிறத்தில் எது வைத்திருந்தாலும் பிடிப்பார்கள்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. 2023 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு போட்ட உத்தரவு, எல்ஜிபிடி (வானவில்லை அடையாளமாகக் கொண்ட தன்பால் ஈர்ப்பாளர், திருநர் சமூகத்தினர்) அடையாளமுள்ள ஸ்வாட்ச் நிறுவனக் கைக்கடிகாரங்களையும் அவற்றின் பெட்டி, உறைகளையும் பற்றியது. அந்த உத்தரவுக்கு முன்பே, அதே ஆண்டு மே மாதம் பறிமுதலான 172 ஸ்வாட்ச் கடிகாரங்களைத் திருப்பித் தரும்படி 2024 நவம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் சொன்னது.

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு தங்கை அந்த அண்ணன் சொன்னது போன்ற பேச்சை நம்பி, மகளின் வானவில் பள்ளிப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளை பிளாஸ்டிக் பையில் புத்தகம் தூக்கிப் போகிறாள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

மலேசிய மத்திய அரசின் கெசட் (அரசிதழ்) இணையத்தளம் இலவசம். 2023 ஆகஸ்ட் உத்தரவுகளில் தேடுங்கள். எந்தப் பொருளுக்குத் தடை என்று அதிலேயே எழுதியிருக்கும்.